முன்பின் தெரியாதவர்களோடு ஒரு மேசை



சென்ற மாதம் ஞாயிறு நிகழ்ச்சியை முடித்துக் கலையகத்தைப் பூட்டும் நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் இங்கே மில்பிடாஸில் மகளோடு வசிக்கும் ஓர் அம்மா. அவவுக்கு எழுபது வயது நிறைவதை முன்னிட்டுப் பிள்ளைகள் அலாஸ்காவுக்குக் கப்பலில் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். குளிரைப் பற்றிக் கேட்கப் போகிறா என்று நினைத்தேன். கேட்டது வேறு.

"தம்பி, கப்பலிலை முன்பின் தெரியாத ஆக்களோடை ஒரே மேசையிலை இருந்துதான் சாப்பிடவேணுமாமே? உண்மையோ?"

"கட்டாயம் இல்லை அம்மா. விரும்பிக் கேட்டால் அப்படி இருக்கலாம்."

"கேட்காட்டில்?"

"பிள்ளையளோடை தனிய இருக்கலாம்."

"அப்ப ஏன் ஆரும் அதைக் கேட்கினம்?"

நியாயமான கேள்வி. தொலைபேசியில் இரண்டு வசனத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது போதாது என்று பட்டது. ஆகவே இம்மாதப் பேச்சை இதற்கே எடுத்துக்கொண்டேன்.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பெரிய பயணக் கப்பல்களில் இராச் சாப்பாட்டுக்கு ஒரு பிரதான உணவுக்கூடம் உண்டு. மேல்தட்டில் பபே வேறாக இருக்கும். உணவுக்கூடத்தில் சாப்பிட இரண்டு முறைகள் உள்ளன. பழைய முறையில் ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே மேசை, ஒரே வெயிற்றர். மாலை ஐந்தரை, ஆறு மணியளவில் முதற்பந்தி. ஏழரை, எட்டு மணியளவில் இரண்டாம் பந்தி. நான் பந்தி என்று எழுதுவது பகிடிக்கல்ல, நடப்பது அதுவேதான். புதிய முறையில் விரும்பிய நேரத்தில் போய்க் கிடைக்கும் மேசையில் அமரலாம். இதைப் பெரிய அளவில் விளம்பரப்படுத்தித் தொடங்கியது நோர்வீஜியன் குரூஸ் லைன் கம்பனி, 2000 ஆம் ஆண்டில். பிறகு மற்றக் கம்பனிகளும் ஏதோ ஒரு வடிவத்தில் அதைப் பின்பற்றின. இப்போது பெரும்பாலான கப்பல்களில் இரண்டும் உண்டு. பயணத்தைப் பதியும்போது எது வேண்டும் என்று கேட்பார்கள். கூடவே மேசையின் அளவும் கேட்பார்கள்: இருவர், நால்வர், அறுவர், எண்மர். பழைய முறையையும் எண்மர் மேசையையும் தெரிந்தால், உங்களோடு இருக்கப் போகிறவர்களைக் கம்பனி முடிவு செய்யும். புதிய முறையிலும் வாசலில் நிற்பவர் "மற்றவர்களோடு இருக்கச் சம்மதமா?" என்று கேட்பதுண்டு. சம்மதித்தால் பெரும்பாலும் கெதியாக இடம் கிடைக்கும்.

கம்பனிக்கு இதில் என்ன இலாபம் என்று ஒரு கணக்காளன் கேட்காமல் இருக்கமுடியாது. மூவாயிரம் பயணிகள் போகும் கப்பலில் எல்லோரையும் ஒரே நேரத்தில் இருத்த இடம் இல்லை. எட்டுப் பேர் சுற்றியிருக்கும் ஒரு வட்ட மேசைக்குத் தேவையான இடம், இருவர் மேசை நான்கைப் போட்டு நடுவே வெயிற்றர் நடக்க வழிவிடும் இடத்தைவிடக் குறைவு. ஒரு வெயிற்றரும் ஒரு உதவியாளும் அதே மேசைகளை நாள்தோறும் பார்த்தால், மூன்றாம் நாளிலிருந்து யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டியதில்லை. சமையலறைக்கும் எத்தனை பேர் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று முன்கூட்டியே தெரியும். வீண் குறையும். நட்பை வளர்க்கத்தான் இதைச் செய்கிறோம் என்று விளம்பரம் சொல்லும்; கணக்குப் புத்தகம் நாற்காலியைத்தான் சொல்லும். இரண்டும் பொய்யல்ல.

வரலாறும் உண்டு. நூறு வருடத்துக்கு முந்திய கப்பல்களில் நீண்ட மேசைகளும் தரையோடு பூட்டிய சுழல் நாற்காலிகளும்தான். கப்பல் ஆடும்போது நாற்காலி நகரக்கூடாது. பணம் உள்ளவர்களும் அங்கேதான் வரிசையாக இருந்து சாப்பிட்டார்கள். 1905 இல் ஜேர்மன் கம்பனியொன்றின் 'அமெரிக்கா' என்ற கப்பலில், தனிக் காசு கொடுத்துத் தனி மேசையில் சாப்பிட ரிட்ஸ் பெயரில் ஓர் உணவகம் வந்தது. தனியாக இருப்பது அப்போது புதுமை, ஆடம்பரம். இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் கொழும்பில் தரித்துப் போன காலம் எங்கள் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சட்டமும் மருத்துவமும் படிக்க இலண்டன் போனவர்கள் அந்தக் கப்பல்களில்தான் போனார்கள். கத்தி முள்ளுக்கரண்டி பிடிக்கப் பழகியதே கப்பல் மேசையில்தான் என்று சொல்லிச் சிரிக்கும் பெரியவர்களை நானும் கண்டிருக்கிறேன்.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹவாய்க்குப் போன கிராண்ட் பிரின்சஸ் கப்பல், கொரோனாத் தொற்றோடு கடலில் காத்திருந்து, மார்ச் 9 ஆம் தேதி ஓக்லண்ட் துறைமுகத்துக்கு வந்ததை இந்தப் பகுதியில் இருக்கும் நாங்கள் மறக்கமாட்டோம். அடுத்த வருடம் கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது முதலில் தெரிந்தவர்களோடு மட்டுமே இருத்தினார்கள். பிறகு பகிரும் மேசை மெல்லமெல்லத் திரும்பி வந்தது. ஆனால் பலர் தனிமேசைக்குப் பழகிவிட்டார்கள். ஆகவே இப்போது நீங்களாகக் கேட்டால்தான் அநேகமாகக் கிடைக்கும்.

சரி, ஏன் கேட்கவேண்டும்?

எங்கள் ஆட்கள் கப்பலில் போகும் முறை எல்லோருக்கும் தெரியும். நாலு குடும்பம் சேர்ந்து போவோம். நாலு குடும்பமும் ஒரே மேசை. மிளகாய்த்தூள் போத்தல் ஒன்று கைப்பையில் வரும். பத்து நாளும் மில்பிடாஸில் கதைத்த அதே கதையைக் கடலில் வைத்துக் கதைத்துவிட்டு வருவோம். நானும் இரண்டு தரம் அப்படிப் போயிருக்கிறேன், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. கொஞ்சம் சங்கடமானாலும் சொல்லிவிடுகிறேன்.

யாரோடு இருந்து சாப்பிடுவது என்பது எங்கள் ஊரில் சின்ன விசயமாக இருக்கவில்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் முருகனை அன்னதானக் கந்தன் என்று கும்பிட்டோம். வந்தவன் யாரென்று கேட்காமல் சோறு போடுவதைப் பெருமையாகச் சொன்னோம். அதே குடாநாட்டில்தான் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாங்கில் சமமாக இருக்கலாமா என்று சண்டை நடந்தது. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் என்ற ஏற்பாடு 1929, 1930 ஆம் ஆண்டுகளில் வந்தபோது, சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் 1924 இல் தொடங்கிய, பின்னாளில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று அறியப்பட்ட அமைப்பு, சமபந்திப் போசனத்தை ஓர் இயக்கமாகவே நடத்த வேண்டியிருந்தது. ஒரு பந்தியில் இருந்து சாப்பிடுவதற்கே ஓர் இயக்கம்! இது எங்கள் தாத்தா பாட்டி காலத்துக் கதை, அவ்வளவு தூரமில்லை.

பிறகு யுத்தம் வந்தது. தெரியாதவரோடு வாய் திறப்பது ஆபத்து என்று பழகினோம். எந்த ஊர், ஆற்றை பிள்ளை, தம்பி எங்கே என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்ல முதல் கேட்பவர் யார் என்று பார்த்தோம். அகதியாக வந்த இடத்திலும் விசாரணை மேசைக்கு முன்னால் இருந்துதான் கதை சொன்னோம். ஆகவே ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் தெரியாத முகம் ஒன்று இருந்து "நீங்கள் எந்த நாடு?" என்று கேட்டால், உள்ளே ஏதோ ஒன்று இறுகுகிறது. வெள்ளைக்காரருக்குப் பொழுதுபோக்காக இருப்பது எங்களுக்கு வேறுமாதிரி இருப்பது அதனால்தான். தொலைபேசியில் அந்த அம்மா கேட்டதும் சாப்பாட்டைப் பற்றி அல்ல என்று நினைக்கிறேன்.

2023 கோடையில் நானும் மனைவியும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அலாஸ்கா போனோம், பத்து இரவுப் பயணம். இரண்டு குடும்பங்கள் எங்களோடு வருவதாக இருந்து கடைசியில் வர முடியாமல் போயிற்று. பதிவு செய்த மகள் எங்களைக் கேளாமலே எண்மர் மேசையைத் தெரிந்துவிட்டாள். "அப்பா, நீங்கள் ரேடியோவிலை தெரியாத ஆக்களோடைதானே கதைக்கிறியள்" என்றாள். ரேடியோவில் அவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை.

முதல் இரவு போனோம். நெப்ராஸ்காவிலிருந்து ஒரு சோளக் கமக்காரரும் மனைவியும். பிரெஸ்னோவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அவருடைய தங்கையும். சான் ஹோசேயிலிருந்து, அதாவது எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத் தூரத்திலிருந்து, ஒரு வியட்நாமியத் தம்பதி. எட்டாவது நாற்காலியில் இருந்த நான் மெனுவை இரண்டாம் தரமும் வாசித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். சைவமா, மாட்டிறைச்சி கூடாதா, விரத நாளா, எல்லாவற்றையும் பதியும்போதே சொல்லலாம். முதல் இரவு மேசைக்குப் பொறுப்பான தலைமை வெயிற்றரிடம் நேரே சொன்னால் இன்னும் நல்லது. பல கப்பல்களில் அவர் இந்தியராகவோ, சமையலறையில் இந்தியச் சமையற்காரர் இருப்பவராகவோ இருப்பார். மெனுவில் இல்லாத பருப்பும் கறியும் சோறும், முதல்நாளே சொல்லி வைத்தால் மறுநாள் மேசைக்கு வரும். உறைப்பாக என்று சொன்னால் நம்பமாட்டார்கள். இரண்டு தரம் சொல்லுங்கள். என் மனைவிக்கு வந்த கத்தரிக்காய்க் கறியை மூன்றாம் நாள் முழு மேசையும் கேட்டு வாங்கியது. அலங்கார உடை அணியும் இரவுகள் இப்படியான நீண்ட பயணத்தில் ஒன்றிரண்டு இருக்கும். அதற்குச் சேலையும் வேட்டியும் தாராளமாகப் போதும். கோட் வாடகைக்கு எடுத்துக் காசைச் செலவழிக்காதீர்கள்.

அடுத்தது காசு. எங்கள் ஆட்கள் உணவகத்தில் பில்லுக்காகக் கையைப் பிடித்து இழுபடுவது பிரசித்தம். இங்கே அந்தச் சண்டைக்கு இடமே இல்லை. இராச் சாப்பாடு பயணச்சீட்டோடு சேர்ந்தது. மதுவோ சோடாவோ எடுத்தால் அவரவர் கபின் கணக்கில் ஏறும். ஒருவர் வைன் போத்தல் எடுத்து எல்லோருக்கும் ஊற்றினால் நன்றி சொல்லி வாங்கலாம், மறுக்கலாம். மறுநாள் நீங்கள் திருப்பி வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரிப்ஸ் என்பதை இப்போது நாள்கூலி போலக் கணக்கில் தானாகவே சேர்க்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டொலர். கம்பனிக்குக் கம்பனி மாறும். 18 டொலர் என்று வையுங்கள், இருவருக்குப் பத்து நாளுக்கு 360 டொலர். பயணச் செலவை எழுதும்போதே இதையும் எழுதிவிடுங்கள். கரை இறங்கும் காலையில் பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடையும் பலர் எங்கள் ஆட்கள்தான். அதைக் குறைக்கச் சொல்லி வரிசையில் நிற்பவர்களையும் கண்டேன். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பிள்ளைகளை விட்டுவிட்டு மாதக்கணக்காகக் கப்பலில் உழைத்து வீட்டுக்குக் காசு அனுப்புகிறவர்கள் அவர்கள். காசு அனுப்புவது என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு விசேட குறிப்பு. கபின் விலை இருவருக்கென்று கணக்கிடப்படுவதால் ஒருவர் தனியாகப் போனால் அநேகமாக இருவர் விலைக்குக் கிட்டக் கொடுக்க வேண்டும். கணவனை இழந்த அம்மாமார், மனைவியை இழந்த ஐயாமார் இதைக் கேட்டுப் பின்வாங்குகிறார்கள். போவதென்று முடிவெடுத்தால் அவர்களுக்குத்தான் பகிரும் மேசை அதிகம் பிரயோசனம். பகல் முழுவதும் கப்பலில் யாரோடும் பேசாமல் இருக்கமுடியும், அது பெரிய ஊர். மாலையானால் உங்கள் நாற்காலி வெறுமையாக இருக்கிறதே என்று கேட்க ஏழு பேர் இருப்பார்கள். பிரெஸ்னோ ஆசிரியை ஒருநாள் தலையிடியால் வரவில்லை. சூப்பு அனுப்பட்டுமா என்று கேட்க நெப்ராஸ்காக்காரர் எழுந்து போனார்.

பிடிக்கவில்லை என்றால்? முதல் இரவோ இரண்டாம் இரவோ தலைமை வெயிற்றரிடம் மெதுவாகச் சொன்னால் மேசை மாற்றித் தருவார். காரணம் சொல்லத் தேவையில்லை. அவர்கள் தினமும் பார்க்கும் விசயம்.

இனிக் கதைப்பது பற்றி. இரண்டாம் இரவு அந்தக் கேள்வி வந்தது. "எங்கிருந்து வருகிறீர்கள்?" மில்பிடாஸ் என்றேன். "அதற்கு முதல்?" இலங்கை என்றேன். நெப்ராஸ்காக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அங்கே ஒரு யுத்தம் நடந்ததல்லவா? முடிந்துவிட்டதா? யார் வென்றது?"

நான் கணக்காளன் மாதிரியே பதில் சொன்னேன். 1983 இல் பெரிதாக வெடித்தது, 2009 மே மாதம் முடிந்தது, அரசாங்க இராணுவம் வென்றது. அவர் தலையை ஆட்டினார். பாண் கூடையை என் பக்கம் நகர்த்தினார். இருபத்தாறு வருடம் ஒரு வசனத்துக்குள் முடிந்து பாண் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த மனிதர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அறுபது வயதுவரை கடலையே பார்க்காதவர். செய்தியில் ஒருநாள் கேட்டதை நினைவு வைத்திருந்து கேட்டார், அவ்வளவுதான். என் வெட்டுக்கிளிப் புழுகங்களை, அதாவது ரேடியோக் கதைகளை, அடுத்த நாள்களில் பொறுமையாகக் கேட்டவரும் அவர்தான்.

என் அனுபவத்தில் சொல்வதென்றால், அந்தக் கேள்விக்கு ஒரு சின்னப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஊர்ப் பெயர், வந்த வருடம், செய்யும் வேலை. அதற்கு மேல் சொல்லவேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. இது விசாரணை அல்ல; விட்டுவிட்டு உருளைக்கிழங்கைப் பற்றிக் கேட்டால் யாரும் கோவிக்கமாட்டார்கள். அமெரிக்க அரசியலை மட்டும் முதல் மூன்று நாளுக்குத் தொடாதீர்கள். எங்கள் மேசையில் நான்காம் நாள் தொட்டோம், அதுவும் தேவையற்ற வேலை.

இந்த இடத்தில் ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சாப்பாட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பிறகு விளங்கும். இங்கிருந்து போகும் பெரிய கப்பல்கள் பேர்முடா, பகாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியோடு ஓடுகின்றன. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்க முடியாது என்பது 1886 ஆம் ஆண்டின் சட்டம். ஆகவே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அலாஸ்கா போய்த் திரும்பும் கப்பல் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டேயாக வேண்டும். அது பெரும்பாலும் கனடாவின் விக்ரோறியா. தெற்கே போனால் மெக்சிக்கோவின் என்செனாடா.

அலாஸ்கா அமெரிக்காதானே, உள்நாட்டுப் பயணம்தானே என்று நினைத்துப் பதிந்துவிடாதீர்கள். குடியுரிமை உள்ளவர்கள் கடவுச்சீட்டோடு போவதே பாதுகாப்பு. கிறீன் கார்ட் உள்ளவர்களுக்குக் கனடாவில் விசா தேவையில்லை. ஆனால் 2022 ஏப்ரல் 26 முதல் கிறீன் கார்ட்டோடு தங்கள் நாட்டின் செல்லுபடியான கடவுச்சீட்டும் காட்டவேண்டும். அகதிப் பயணப்பத்திரம் மட்டும் உள்ளவர்கள் காசு கட்டுமுன் கனடாத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகாதவர்கள், முன் அனுமதி எடுக்காமல் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். கப்பல் விக்ரோறியாவில் நிற்பது சில மணித்தியாலம்தான் என்றாலும் பயணம் வெளிநாட்டுப் பயணம்தான். பிள்ளைகள் ஆசையாகப் பதிந்துவிட்டார்கள் என்பதற்காகப் போய், வருடக்கணக்காகக் காத்திருக்கும் வழக்கைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் கால் வைக்கவேண்டாம்.

எங்கள் கப்பல் விக்ரோறியாவுக்கு வந்தது ஒன்பதாம் நாள் மாலை. அநேகமானவர்கள் பூந்தோட்டம் பார்க்க இறங்கிவிட்டார்கள். உணவுக்கூடம் பாதி வெறுமை. எங்கள் மேசையில் நாங்கள் இருவரும் வியட்நாமியத் தம்பதியும் மட்டும். கண்ணாடிக்கு வெளியே இறங்குதுறை தெரிந்தது. அதன் பெயர் ஓக்டன் பொயின்ற்.

அந்தப் பெயரை நான் முன்பு பல தரம் ரேடியோவில் வாசித்திருக்கிறேன். 2009 ஒக்டோபரில் 'ஓஷன் லேடி' என்ற பழைய சரக்குக் கப்பலில் வந்த 76 தமிழ் ஆண்களைக் கனடாப் பொலிசார் கொண்டுவந்து இறக்கிய இடம் அதுதான். அடுத்த வருடம், 2010 ஓகஸ்ட் 13 ஆம் தேதி, 'சன் சீ' என்ற கப்பலில் 492 பேர் வந்தார்கள். அவர்களில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். வழியில் ஒருவர் இறந்துபோனார். அந்தக் கப்பலைப் பக்கத்திலுள்ள எஸ்குவைமோல்ற் கடற்படைத் தளத்துக்குக் கொண்டு போனார்கள். இறங்கியவர்களைத் தடுத்துவைத்தார்கள், பலருடைய விசாரணைகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. எங்கள் நேயர்களில் சிலருக்கு உறவினர் அதில் வந்தார்கள்.

மனைவி ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. வியட்நாமியர் அதைக் கவனித்து, என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். இந்தத் தரம் சின்னப் பதில் அல்ல. கப்பல்களின் பெயர், எத்தனை பேர், எத்தனை நாள் என்று எல்லாம் சொன்னேன்.

அவர் கேட்டு முடித்து, "என்ன சாப்பிட்டார்கள்?" என்றார்.

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யார் அனுப்பினது, எவ்வளவு காசு கொடுத்தார்கள், அதில் போராளிகள் இருந்தார்களா என்றுதான் கேட்பார்கள். சோறும் குடிதண்ணீரும் அளந்துதான் கொடுபட்டதாக வந்தவர்கள் பின்பு சொன்னார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். அவரும் 1980 இல் படகில் வெளிக்கிட்டவர். மலேசியாவின் பிடோங் தீவு முகாமில் பத்து மாதம் இருந்தவர். படகில் ஐந்து நாள். ஒரு போத்தல் மூடியால் தண்ணீர் அளந்து கொடுத்தார்களாம். மூடியின் நிறம் நீலம் என்று அவருடைய மனைவி திருத்தினார், அவர் பச்சை என்று சொல்லியிருந்தார்.

பிறகு நான் என்னுடையதைச் சொன்னேன். 1983 ஓகஸ்டில், பன்னிரண்டு வயதில், கொழும்பு முகாமிலிருந்து 'லங்கா கல்யாணி' என்ற சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். பாக்கு நீரிணைப் பக்கம் பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது. ஆகவே தெற்கே போய்க் கிழக்குக் கரையால் சுற்றித்தான் யாழ்ப்பாணம் போகவேண்டும். ஒன்றரை நாளுக்கு மேல். சாமான் அடுக்கும் தளத்தில் பாய் கூட இல்லாமல் இருந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு குடும்பம்; முன்பின் தெரியாது. எங்களிடம் பாண் இருந்தது, அவர்களிடம் ஒரு ரின் மீனும் நாலு வாழைப்பழமும். அந்த அம்மா ரின்னை உடைத்து, கடதாசியை விரித்து, எங்கள் பிள்ளைகளுக்கும் தன் பிள்ளைகளுக்கும் ஒரே அளவாகப் பங்கிட்டா. சாதி கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. என் அம்மா பிறகு பல வருடம் அதைச் சொல்லுவா. பெயர் கேட்க மறந்துவிட்டோமே என்பாதான்.

இதை நான் ரேடியோவில் சொன்னதில்லை. என் பிள்ளைகளுக்கும் முழுதாகச் சொன்னதில்லை. கனடாத் துறைமுகமொன்றில் கேக்கும் கோப்பியும் வைத்துக்கொண்டு, ஒன்பது நாள் மட்டும் பழகிய ஒரு மனிதருக்குச் சொன்னேன். வெயிற்றர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுத் தட்டை எடுக்காமல் போனார்.

சான் பிரான்சிஸ்கோவில் இறங்கிய காலை எல்லோரும் முகவரி மாற்றிக்கொண்டோம். நெப்ராஸ்காவிலிருந்து நத்தாருக்கு ஒரு வாழ்த்து அட்டை வருகிறது. பிரெஸ்னோ சகோதரிகளிடமிருந்து ஒன்றும் இல்லை, அதுவும் வழக்கம்தான். வியட்நாமியத் தம்பதியோடு சான் ஹோசே ஸ்ரோரி வீதியில் அவர்களுடைய கடைகள் இருக்கும் பக்கம் மூன்று நாலு மாதத்துக்கு ஒருதரம் சாப்பிடுகிறோம். அங்கே பில்லுக்குச் சண்டை பிடிக்கிறோம். அவர்கள் எங்களைவிட மோசம்.

கேள்வி கேட்ட அம்மாவை இந்தப் பேச்சை எழுத முதல் திரும்ப அழைத்தேன். இவ்வளவும் சொல்லவில்லை, பாதி சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தினை மணிக்குத் தம்பி சாப்பாடு?" என்று கேட்டா. அவவுக்கு ஏழு மணிக்கு மருந்து எடுக்கவேணும்; வெறும் வயிற்றோடு எடுக்கக்கூடாதாம். ஆகவே முதற்பந்தி, எண்மர் மேசை என்று மகள் மாற்றிப் பதிந்திருக்கிறா. 27 ஆம் இலக்க இறங்குதுறைக்கு மில்பிடாஸ் நிலையத்திலிருந்து பார்ட் ரயிலில் எம்பார்க்கடேரோ வரை போய், அங்கிருந்து கரையோரம் ஓடும் ட்ராமில் ஏறலாம். பத்து நாள் கார் தரிப்பிடக் காசு மிச்சம் என்றும் சொன்னேன். கடவுச்சீட்டு எப்போது முடிகிறது என்று கேட்டேன். பார்த்துவிட்டு வந்து, பயணத்துக்கு மூன்று கிழமை முதல் முடிகிறது என்றா. அதைப் புதுப்பிக்க இந்தக் கிழமையே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.